ஆடும் ஸ்டீயரிங்: திருகை முறுக்குவதா, மூட்டுகளை மாற்றுவதா, பாக்ஸையே இறக்குவதா?

பழைய பிக்கப் வண்டியில் ஸ்டீயரிங் ஆட்டம் ஒரே நாளில் வருவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. கையும் அதற்கேற்பப் பழகிக்கொள்கிறது. நேர் சாலையில் போகும்போதே வளையத்தை இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டே இருக்கிறோம் என்பது, வேறொருவர் அதே வண்டியை ஓட்டிவிட்டு இறங்கும் வரை நமக்கு உறைப்பதில்லை. எனக்கு அப்படித்தான் உறைத்தது. ஒரு நாள் என் தம்பி வண்டியை எடுத்துப் போய்விட்டுத் திரும்பினான். சாவியைக் கையில் கொடுக்கும்போது, "அண்ணா, இதை எத்தனை நாளாக இப்படியே ஓட்டுகிறீர்கள்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

அன்று மாலையே அளந்து பார்த்தோம். என்ஜினை ஓடவிட்டு, முன் சக்கரங்களை நேராக வைத்து, வளையத்தின் விளிம்பில் ஒரு துண்டு டேப் ஒட்டி, முன் சக்கரம் அசையத் தொடங்கும் வரை அந்த டேப் எவ்வளவு தூரம் சும்மா நகர்கிறது என்று பார்த்தோம். 6 சென்டிமீட்டர் நகர்ந்தது. வளையத்தின் விட்டம் 38 சென்டிமீட்டர் என்றால், 6 சென்டிமீட்டர் என்பது 18 டிகிரி. ஸ்டீயரிங் விகிதம் 16-க்கு 1, அதாவது வளையம் 16 டிகிரி திரும்பினால் சக்கரம் 1 டிகிரி திரும்பும் என்று வைத்துக்கொண்டால், முன் சக்கரம் 1 டிகிரிக்குச் சற்று மேலாகவே தன் விருப்பத்திற்குத் திரும்பலாம். 1 டிகிரி சிறியது போலத் தோன்றும். ஆனால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர் உள்ள வண்டியின் சக்கரம் 1 டிகிரி திரும்பினால், அது ஏறக்குறைய 170 மீட்டர் ஆரமுள்ள வளைவில் போகப் பார்க்கும். நெடுஞ்சாலை வேகத்தில் அது பக்கத்துத் தடத்திற்குப் போகும் வளைவு.

இதைச் சரிசெய்ய நான்கு வழிகள் பேசப்படுகின்றன. ஸ்டீயரிங் பாக்ஸின், அதாவது வளையத்தின் சுழற்சியைச் சக்கரங்களைத் திருப்பும் அசைவாக மாற்றும் பல்சக்கரப் பெட்டியின், தலையில் இருக்கும் திருகை முறுக்குவது ஒன்று. பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள மூட்டுகளையும் கைகளையும் மாற்றுவது இரண்டு. பாக்ஸையே இறக்கி, புதுப்பித்தது அல்லது புதியது போடுவது மூன்று. பழைய அமைப்பை முழுவதும் கழற்றி எறிந்து ரேக் அண்ட் பினியன் (ஒரு பல்சக்கரம் பல் வெட்டிய தண்டை இடமும் வலமும் தள்ளும் அமைப்பு) போன்ற வேறொன்றுக்கு மாறுவது நான்கு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டாவதுதான் சரி. முதலாவது, மற்றதெல்லாம் முடிந்த பிறகு செய்ய வேண்டியது. ஆனால் எல்லோரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்யவிட்டு, அதன் விளைவை அனுபவித்தேன்.

எந்த வழி என்று தீர்மானிப்பதற்கு முன், ஆட்டம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு ஸ்பேனர் எதுவும் தேவையில்லை. இரண்டு பேர் வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன் சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும். ஜாக்கியில் தூக்கிவிட்டால் பாரம் போய்விடும். பாரம் இல்லாத மூட்டு நன்றாக இருப்பது போலவே நடிக்கும். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் என்ஜினை ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது. அந்த பாக்ஸின் உள்ளே வால்வை இயக்கும் மெல்லிய டார்ஷன் பார், அதாவது முறுகிக்கொடுக்கும் தண்டு, ஒன்று இருக்கிறது. என்ஜின் நின்றிருக்கும்போது அது முறுகுவதையும் தேய்மானம் என்று தவறாகக் கணக்கிட்டுவிடுவோம். கீழே படுத்திருப்பவர் ஃபேன், பெல்ட் பக்கம் கையையோ துணியையோ கொண்டுபோகக் கூடாது.

உள்ளே இருப்பவர் வளையத்தைப் பெரிதாகத் திருப்ப வேண்டியதில்லை. கடிகாரத்தின் 11 மணிக்கும் 1 மணிக்கும் நடுவே, நிதானமாக, ஒரே தாளத்தில் அசைத்துக்கொண்டிருந்தால் போதும். கீழே இருப்பவர் மேலிருந்து தொடங்கி, அசைவு எங்கெல்லாம் தொலைகிறது என்று ஒவ்வொரு இணைப்பாகப் பின்தொடர வேண்டும். ஸ்டீயரிங் தண்டு பாக்ஸுடன் சேரும் இடத்தில் பல வண்டிகளில் ரப்பரும் துணியும் சேர்ந்த ஒரு வட்டத் தட்டு இருக்கும். அதன் மேல் பாதி திரும்பி, கீழ்ப் பாதி தாமதமாகத் தொடர்கிறதா? பாக்ஸின் உள்ளே போகும் தண்டு திரும்பும்போது மேலும் கீழுமாகவும் நகர்கிறதா? பாக்ஸின் உடலே சேசிஸின் மேல் நெளிகிறதா? உள்ளே போகும் தண்டு திரும்பிய பிறகும் வெளியே வரும் டிராப் ஆர்ம், அதாவது பிட்மேன் ஆர்ம், சற்று நேரம் சும்மா நிற்கிறதா? அதற்குப் பிறகு ஐட்லர் ஆர்ம் (மறு பக்கத்தில் நடுத் தண்டைத் தாங்கும் கை), நடுத் தண்டு, டை ராட் எண்டுகள் (சக்கரத்தைத் திருப்பும் தண்டின் முனை மூட்டுகள்) என்று சக்கரம் வரை போக வேண்டும்.

கண்ணை விட விரலை நம்புங்கள். தம்பி மேலே அசைத்துக்கொண்டிருக்க, நான் ஐட்லர் ஆர்மின் மூட்டின் மேல் கட்டை விரலை வைத்தேன். பாதி விரல் ஆர்மின் மேலும் பாதி விரல் நடுத் தண்டின் மேலும் இருக்கும்படி. கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகவே அசைந்தது. விரலுக்குக் கீழே மட்டும் ஒரு சின்ன 'டக்' கேட்காமல் உணரப்பட்டது. தண்டு முதலில் மேலே எழுந்தது. பிறகுதான் ஆர்ம் பக்கவாட்டில் நகர்ந்தது. கிரீஸும் தூசியும் சேர்ந்து இறுகிய கறுப்புப் படலத்தில் அந்த மூட்டைச் சுற்றி மட்டும் மெல்லிய வெடிப்பு ஒன்று வட்டமாக ஓடியது. அதன் உள்ளே இரும்பு பளபளத்தது. ரப்பர் உறையின் ஓரத்தில் செம்மண் நிறத்தில் துருப்பொடி கசிந்திருந்தது. நல்ல மூட்டில் இந்த மூன்றும் இருக்காது. பளபளப்பும் துருப்பொடியும் சேர்ந்து தெரியும் இடத்தில் இரும்பும் இரும்பும் வெகு நாளாக உரசிக்கொண்டிருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. டை ராட்டைக் கையால் பிடித்து அதன் அச்சிலேயே உருட்டினால் கொஞ்சம் உருளும். அது பழுதல்ல, பந்து மூட்டின் இயல்பு. மேலும் கீழுமாகவோ, பந்து தன் கிண்ணத்துக்குள் பக்கவாட்டிலோ நகர்ந்தால்தான் தேய்ந்தது என்று அர்த்தம். இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல டை ராட் எண்டைக் கழற்றி எறிந்தவர்கள் நிறையப் பேர்.

இதற்குப் பிறகு ஜாக்கி. சேசிஸ் அல்லது அச்சுக்குக் கீழே ஸ்டாண்ட் வைத்த பிறகே சக்கரத்தைத் தொட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே தலையைக் கொடுக்காதீர்கள். சக்கரத்தை 12 மணியிலும் 6 மணியிலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வீல் பேரிங்காக இருக்கலாம், சக்கரம் இடமும் வலமும் திரும்ப அச்சாக இருக்கும் பால் ஜாயிண்ட் அல்லது கிங் பின்னாகவும் இருக்கலாம். ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங்; மறையாவிட்டால் பால் ஜாயிண்ட் அல்லது கிங் பின். பேரிங் தளர்ச்சி சரிசெய்யும் வகையாக இருந்தால், ஒரு நட்டையும், அது கழலாமல் தடுக்கும் ஒரு ஸ்பிலிட் பின்னையும் சரியாகப் போடுவதோடு வேலை முடிந்துவிடும். இத்தனை பெரிய கவலைக்கு இவ்வளவு சிறிய காரணம் இருக்கும் என்று நம்பாமல், இந்தச் சோதனையைத் தவிர்த்துவிடுகிறோம்.

இனி முதல் வழியைப் பார்ப்போம், அந்தத் திருகை. அதன் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆட்டத்தைச் சொல்லி ஒரு பட்டறையில் வண்டியை விட்டபோது, அங்கே வேறெதையும் பார்க்காமல் லாக் நட்டைத் தளர்த்தி, திருகை உள்ளே ஏற்றி, ஐந்து நிமிடத்தில் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். வளையம் இறுகியிருந்தது, நானும் மகிழ்ந்தேன். முதல் வளைவில் திரும்பி, கையைத் தளர்த்தியபோது வளையம் நடுவுக்குத் திரும்பி வரவில்லை. திருப்பிய இடத்திலேயே நின்றது. நேர் சாலையிலும் இப்போது வேறு விதமான தொல்லை: சிறிது இடப்பக்கம் திருத்தினால் அங்கேயே பிடித்துக்கொள்ளும், மறுபடி வலப்பக்கம் திருத்த வேண்டும். தளர்ந்த பாக்ஸால் வண்டி அலைவது போலவே அளவுக்கு மீறி இறுகிய பாக்ஸாலும் அலையும். பலர் இதைத் தளர்ச்சி என்றே நினைத்து இன்னொரு கால் சுற்று முறுக்குகிறார்கள்.

அந்த பாக்ஸின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும். வளையத்திலிருந்து வரும் தண்டின் முனையில் திருகு போன்ற வார்ம் இருக்கிறது. அதன் மேல் ஒரு கட்டை நட் ஏறி இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவே உருளும் சின்ன இரும்புக் குண்டுகளின் வரிசை. கட்டையின் பக்கத்தில் உள்ள பற்கள் செக்டர் தண்டின் பற்களைக் கடிக்கின்றன. செக்டர் தண்டின் முனையில் டிராப் ஆர்ம். தலையில் உள்ள திருகு, செக்டர் பற்களைக் கட்டையின் பற்களுக்கு இன்னும் நெருக்கமாகத் தள்ளுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. வார்மின் பேரிங் தளர்ந்திருந்தாலோ, குண்டுகள் ஓடும் பள்ளம் தேய்ந்திருந்தாலோ, செக்டர் தண்டைத் தாங்கும் புஷ், அதாவது அதைச் சுற்றியுள்ள உறை, அகன்றிருந்தாலோ அந்தத் திருகால் ஒன்றும் செய்ய முடியாது. டை ராட் ஆட்டத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பற்கள் நேர் நிலையில் மட்டும் சற்று இறுக்கமாகவும், இரு பக்கமும் திரும்பும்போது சற்றுத் தளர்வாகவும் கடிக்கும்படி வெட்டப்பட்டவை. நாம் ஓட்டுவதில் பெரும்பகுதி நேர் சாலை என்பதால் நடுவில்தான் அதிகம் தேய்கிறது. தேய்ந்த நடுவுக்காக இறுக்கினால், தேயாத ஓரங்களில் பற்கள் ஒன்றையொன்று நெரிக்கும். அதனால்தான் இந்தச் சரிசெய்தலுக்கு முறை இருக்கிறது. முதலில் டிராப் ஆர்மிலிருந்து தண்டைக் கழற்றிவிட வேண்டும். பாக்ஸ் தனியாக இருந்தால்தான் அதன் சொந்த எதிர்ப்பு கைக்குத் தெரியும். வார்ம் பேரிங்கின் இறுக்கத்தைச் சரிபார்த்த பிறகே செக்டர் திருகுக்கு வர வேண்டும். பாக்ஸை அதன் நடு நிலைக்குக் கொண்டுவர, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சுற்றுகளை எண்ணி, அதில் பாதி திரும்பி வர வேண்டும். திருகின் இப்போதைய நிலையைக் குறித்துக்கொண்டு, ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் போகாமல், ஒவ்வொரு தடவையும் ஓரத்திலிருந்து ஓரம் வரை திருப்பிப் பார்க்க வேண்டும். எங்காவது பிடித்தால் பின்வாங்க வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது திருகு சேர்ந்து திரும்பிவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். சிறிய சுழல் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சும் அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகமும் இருந்தால், இதில் ஊகத்துக்கு இடமே இல்லை.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தால் திருகு நல்ல வழிதான். செலவே இல்லை. மற்ற மூட்டுகள் எல்லாம் நன்றாக இருந்து, உள்ளே போகும் தண்டு திரும்பியும் டிராப் ஆர்ம் தாமதிக்கிறது என்று உறுதியானால், பாக்ஸை மாற்றுவதற்கு முன் இதை ஒரு முறை முயல்வது நியாயம்.

இரண்டாவது வழியில்தான் என் வண்டியின் நோய் பெரும்பாலும் இருந்தது. முன் சக்கரங்கள் தனித்தனியே எழுந்து இறங்கும் அமைப்புள்ள பழைய பிக்கப்களில் ஒரு பக்கம் டிராப் ஆர்ம், மறு பக்கம் ஐட்லர் ஆர்ம், நடுவே ஒரு நீண்ட தண்டு, அதிலிருந்து இரு சக்கரங்களுக்கும் டை ராட் என்று ஆறு, ஏழு மூட்டுகளாவது இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டர் என்றாலும் சக்கரத்தை அடைவதற்குள் எல்லாம் கூடிவிடும். இவற்றுள் ஐட்லர் ஆர்ம்தான் முதலில் தேயும் என்று எண்ணிக்கொண்டு பார்ப்பது நல்லது. அது எதையும் இயக்குவதில்லை, தாங்குவதோடு சரி என்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. 1986 முதல் 1995 வரை வந்த டொயோட்டா பிக்கப்பின் நான்கு சக்கர இயக்க வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு அந்த ஐட்லர் ஆர்ம் புஷ்ஷைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை.

முன் அச்சு ஒரே கட்டையாக உள்ள வண்டி என்றால் கதை சற்று மாறும். காயில் ஸ்பிரிங் மேல் நிற்கும் அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருப்பது டிராக் பார் என்ற ஒரே தண்டு. அதன் மூட்டு தேய்ந்தால், நீங்கள் வளையத்தைத் திருப்பும்போது சக்கரம் திரும்புவதற்கு முன் அச்சே பக்கவாட்டில் நகர்ந்துவிடும். 1994-இல் வந்த தலைமுறையின் டாட்ஜ் ராம் நான்கு சக்கர இயக்க வண்டிகள் இதற்குப் பெயர் போனவை. அப்படிப்பட்ட வண்டியில் டை ராட்டும் பாக்ஸும் மாற்றிவிட்டு, டிராக் பாரை விட்டுவிட்டால் பணம் முழுவதும் வீண். ஃபோர்டு 1965-இல் கொண்டுவந்த இரட்டை ஐ-பீம் முன் அச்சில் பார்க்க வேண்டிய இடம் வேறு: ரேடியஸ் ஆர்மின் பின் முனையில் உள்ள ரப்பர் புஷ். அது நசுங்கிப்போனால் அச்சு முன்னும் பின்னும் நகரும். பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். வளையத்தில் ஆட்டம் அளந்தால் ஒன்றும் தெரியாது, ஆனால் சாலையில் வண்டி நிலைகொள்ளாது.

மூட்டுகளை மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. ஆனால் இரண்டு இடங்களில் பொறுமை தேவை. ஒன்று, பழைய டை ராட் எண்டைக் கழற்றுவது. ஆப்பு போன்ற கவையை நுழைத்து அடித்தால் வந்துவிடும். ஆனால் ரப்பர் உறை கிழிந்துவிடும். அந்த மூட்டைத் தூக்கி எறியப் போகிறோம் என்றால் கவலையில்லை. திரும்பப் போடப் போகிறோம் என்றால் புல்லர், அதாவது இழுத்துக் கழற்றும் கருவி, வேண்டும். டிராப் ஆர்முக்கு அதற்கென்றே உள்ள வலுவான புல்லரைத் தவிர வேறு எதுவும் கூடாது. சுத்தியலால் செக்டர் தண்டை அடித்தால் அந்த அடி முழுவதும் பாக்ஸின் உள்ளே உள்ள பேரிங்குகளில் இறங்கும். ஆட்டத்தைச் சரிசெய்யப் போய், நல்ல பாக்ஸைக் கெடுத்துவிட்டு வருவோம். புல்லரை இறுக்கிவிட்டு முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். கழன்று விடும்போது வெடி போலச் சத்தம் வரும்.

இரண்டு, ஸ்பிலிட் பின். கிரீட நட்டை உரிய அளவுக்கு இறுக்கிய பிறகு துளையும் பள்ளமும் நேராக அமையவில்லை என்றால், அடுத்த பள்ளம் வரும் வரை இன்னும் சற்று இறுக்க வேண்டும். தளர்த்தி நேராக்கவே கூடாது. பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடவும் கூடாது. சின்ன விஷயம், ஆனால் இந்தப் பின் இல்லாமல் நட் கழன்றால் ஒரு சக்கரம் ஒரு பக்கமும் இன்னொன்று வேறு பக்கமும் பார்க்கும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

புதிய எண்டைப் பழையது இருந்த அதே நீளத்தில் வைக்க, கழற்றும் முன் மரைகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் எவ்வளவு கவனமாக எண்ணினாலும் அதன் பிறகு வீல் அலைன்மெண்ட் கட்டாயம். அங்கே சக்கரங்களின் முன் குவிவை மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுவார்கள். காஸ்டர் கோணத்தையும், அதாவது பக்கவாட்டில் பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சு சாய்ந்திருக்கும் கோணத்தையும், பார்க்கச் சொல்லுங்கள். வளையம் தானாக நடுவுக்குத் திரும்புவதும், நேர் சாலையில் வண்டி தன் பாதையைப் பிடித்துக்கொள்வதும் பெரிதும் காஸ்டரால்தான். வண்டியை உயர்த்திக் கட்டியிருந்தாலோ ஸ்பிரிங் தொய்ந்திருந்தாலோ காஸ்டர் குறைந்துபோயிருக்கலாம். அப்போது எல்லா மூட்டுகளும் புதிதாக இருந்தும் வண்டி அலையும்.

ரப்பர் தட்டு இணைப்பையும் இந்த வழியிலேயே சேர்க்கிறேன். ரப்பரில் எண்ணெய் ஊறி, துணி அடுக்கு பிரிந்திருந்தால் அதே மாதிரி புதியதையே போடலாம். சிலுவை மூட்டு உள்ள இரும்புத் தண்டுக்கும் மாறலாம். இரும்புத் தண்டில் கை உடனே சக்கரத்தோடு பேசும், உண்மைதான். ஆனால் சாலையின் அதிர்வும் அப்படியே கைக்கு வரும். நீண்ட தூரம் ஓட்டுபவருக்கு ரப்பரே நல்லது என்பது என் எண்ணம்.

மூன்றாவது வழி பாக்ஸை மாற்றுவது. எப்போது? டிராப் ஆர்மின் அருகே செக்டர் தண்டு பக்கவாட்டில் ஆடினால். அங்கே சீலை மாற்றியும் மறுபடி எண்ணெய் கசிந்தால். முறையாகச் சரிசெய்தும் நடுவில் ஆட்டமும் ஓரத்தில் பிடிப்பும் சேர்ந்தே இருந்தால். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் திருகை மறந்துவிடலாம். சீல் கிட் வாங்கி வீட்டில் பிரித்து மாட்டுவது இதற்கு விடையல்ல. அது கசிவை நிறுத்தும், தேய்மானத்தை அல்ல.

புதுப்பித்த பாக்ஸ் என்ற பெயரில் இரண்டு விதமான பொருள்கள் கிடைக்கின்றன. கழுவி, சீல் மாற்றி, கறுப்பு பெயிண்ட் அடித்தது ஒன்று. வார்மைத் தேய்த்துச் சீராக்கி, அதற்கேற்பப் பெரிய குண்டுகள் போட்டு, செக்டர் துளையில் புதிய புஷ் அல்லது பேரிங் இறக்கி, இறுக்கத்தை அளந்து வைத்தது மற்றொன்று. வெளியே இரண்டும் ஒன்று போலவே இருக்கும். குண்டுகளை மாற்றினீர்களா, செக்டர் புஷ்ஷை என்ன செய்தீர்கள் என்று இரண்டு கேள்விகள் கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லை என்றால் உங்கள் பழைய பாக்ஸைக் கொடுத்து அதை வாங்காதீர்கள். பழைய வண்டியிலிருந்து கழற்றிய பாக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: அதுவும் உங்களுடையதைப் போலவே ஓடித் தேய்ந்தது.

பாக்ஸ் மாற்றுபவர்கள் மறக்கும் வேலை, பழைய எண்ணெயை வெளியேற்றுவது. பம்ப்பிலும் குழாய்களிலும் உள்ள இரும்புத் துகள்கள் புதிய பாக்ஸின் வால்வுக்குள் போனால் சில மாதங்களில் பழைய கதை தொடங்கும். முன் சக்கரங்களைத் தூக்கி, என்ஜினை நிறுத்தியபடியே வளையத்தை ஓரத்திலிருந்து ஓரம் வரை பல முறை திருப்பினால் காற்று வெளியேறும். உடனே என்ஜினைப் போட்டால் எண்ணெய் நுரைத்துவிடும்.

பாக்ஸைக் கழற்றும்போது சேசிஸையும் பாருங்கள். 1973 முதல் 1987 வரை வந்த ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களில், முக்கியமாகப் பெரிய டயர் போட்ட நான்கு சக்கர இயக்க வண்டிகளில், பாக்ஸ் மாட்டும் இடத்தில் சேசிஸ் விரிசல் விடுவது நன்கு அறியப்பட்டது. துருவையும் அழுக்கையும் கம்பி பிரஷால் சுரண்டி, போல்ட் துளைகளைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் பற்றவைத்து, தட்டு வைத்து வலுவாக்காமல் மேலே எந்தப் புதிய பாக்ஸ் வைத்தாலும் அது நெளியும்.

நான்காவது வழியை நான் வேகமாகக் கடக்கிறேன். ரேக் அண்ட் பினியன் துல்லியமானது; மூட்டுகளும் குறைவு. ஆனால் அது இருக்க வேண்டிய உயரமும் அதன் உள் மூட்டுகளின் இடைவெளியும் சஸ்பென்ஷன் கைகளோடு பொருந்தாவிட்டால், குழியில் இறங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். ஒற்றைக் கட்டை அச்சுக்கு அது பொருந்துவதே இல்லை. கையால் திருப்பும் பாக்ஸ் உள்ள வண்டியில் அதே தயாரிப்பாளரின் பவர் பாக்ஸுக்கு மாறுவது இதைவிட நியாயமான மாற்றம். ஆனால் அது தளர்ச்சிக்கான மருந்தல்ல, கனத்துக்கான மருந்து. தேய்ந்த டை ராட்டோடு பவர் பாக்ஸ் போட்டால் தேய்மானம் இன்னும் வேகமாகும். ஸ்டீயரிங் டாம்பர் என்ற குழாயை வாங்கி மாட்டச் சொல்பவர்களும் உண்டு. நல்ல மூட்டுகள் உள்ள வண்டியில் அது அதிர்வைத் தணிக்கும். தேய்ந்த மூட்டுகள் உள்ள வண்டியில் அது நோயை மறைக்கும். மறைந்த நோய் வேகத்தில் வெளிப்படும்.

என் வண்டியில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் அந்தப் பட்டறையில் முறுக்கிய திருகைப் பின்வாங்கினேன். ஆட்டம் பழைய 6 சென்டிமீட்டருக்கே வந்தது. ஐட்லர் ஆர்ம் மாற்றியபின் 4. இரு பக்க வெளி டை ராட் எண்டுகளும் ஒரு உள் எண்டும் மாற்றியபின் 3. ரப்பர் தட்டு மாற்றியபின் இரண்டரை. அலைன்மெண்டில் காஸ்டரைச் சரிசெய்தபோது வளையத்தின் அளவு மாறவில்லை, ஆனால் வண்டி நேராகப் போகத் தொடங்கியது. அதன் பிறகே டிராப் ஆர்மிலிருந்து தண்டைக் கழற்றி, பாக்ஸை முறைப்படி பார்த்தேன். திருகு கேட்டது கால் சுற்றுக்கும் குறைவு.

இப்போது ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கிறது. அதற்கு மேல் முறுக்கினால் வலது ஓரத்தில் லேசாகப் பிடிக்கிறது; எனவே அங்கேயே நிறுத்திவிட்டேன். 500 கிலோமீட்டர் ஓடிய பின் பாக்ஸின் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்த்தேன்; ஒன்று மட்டும் சற்று அசைந்தது. அடுத்த தடவை தம்பி வண்டியை எடுத்துப் போனபோது, திரும்பி வந்து சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். ஸ்டீயரிங்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.